ஹோஸ்ட் மாற்றியதும் விஎம் பூட் ஆகலைங்களா? டிஸ்க் மேல் பழி போடும் முன்

திருப்பூர், ஈரோடு பக்கம் ஹோஸ்ட் என்னும் ஒரே சர்வர் பெட்டிக்குள் டேலி, கட்டிங் கணக்கு, வருகைப்பதிவு என்று நாலைந்து விஎம் (மெய்நிகர் கணினி) ஓடும் கம்பெனிகள் நிறைய. வாரச் சம்பளம் போடும் ஊரில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஹோஸ்ட்டில் கை வைப்பது வம்பு. சனிக்கிழமை பொழுதோட பட்டுவாடா முடிந்ததும் ஆரம்பித்தால் ஞாயிறு முழுக்கக் கையில் இருக்கும்.

கீழே உள்ளது விஎம்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளை வைத்து எழுதியது. பழைய ஹோஸ்ட் வீஎம்வேராக (இதேபோன்ற இன்னொரு மென்பொருள்) இருந்து இதற்கு மாறியவர்களுக்கும் பொருந்தும்.

பூட் ஆகாத விஎம்மைப் பார்த்ததும் பேக்கப்பை ரீஸ்டோர் செய்ய ஓடாதீங்க. டிஸ்க்கில் இருக்கும் டேட்டா பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதைச் சுற்றியுள்ள மெய்நிகர் வன்பொருள்தான் மாறியிருக்கும். ரீஸ்டோர் செய்தாலும் அதே வன்பொருளில் வந்து அதே இடத்தில் நிற்கும். இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

ஸ்டார்ட் கொடுத்ததுமே டாஸ்க் எர்ரர் வந்தால் வேலை சுலபம், காரணம் அங்கேயே எழுதியிருக்கும். சிடி டிரைவில் மாட்டி மறந்துபோன ஐஎஸ்ஓ கோப்பு இப்போது இல்லை என்றால்கூட விஎம் எழாது; டிரைவைக் காலியாக்குங்க. கேவிஎம் (விஎம்களை ஓட்டும் லினக்ஸ் பகுதி) கிடைக்கவில்லை என்று வந்தால் பெரும்பாலும் ஹோஸ்ட்டின் பயாஸில் விடி-எக்ஸ் என்ற மெய்நிகராக்க வசதி அணைந்திருக்கும். பயாஸ் அப்டேட்டோ ரீசெட்டோ ஆனால் இது நடக்கும்.

விஎம் எழுந்து ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று நின்றால் முதலில் பூட் ஆர்டரில் அந்த டிஸ்க்குக்கு டிக் இருக்கிறதா பாருங்க. இருந்தால், ஹோஸ்ட்டில் எஃப்டிஸ்க் கட்டளையால் விஎம் டிஸ்க்கின் பார்ட்டிஷன்களைப் பட்டியலிடுங்க. ‘ஈஎஃப்ஐ சிஸ்டம்’ என்று ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் யுஈஎஃப்ஐ என்ற புதுவகை பயாஸில் நிறுவியது, ப்ராக்ஸ்மாக்ஸின் பழையவகை பயாஸான சீபயாஸில் எழாது. விஎம்மின் பயாஸை ஓவிஎம்எஃப் (விஎம்முக்கான யுஈஎஃப்ஐ) ஆக்கி, அதன் அமைப்புகளைச் சேமிக்கும் ஈஎஃப்ஐ டிஸ்க் ஒன்றும் சேருங்க.

விண்டோஸ் நீலத்திரையில் ‘இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வருவதுதான் அதிகம் ஆளைச் சுற்றவிடும். டிஸ்க்கை விர்ட்ஐஓ ஸ்கஸியில் (விஎம்களுக்கென்றே உள்ள வேகமான டிஸ்க் இணைப்பு) மாட்டியிருப்பீங்க. விண்டோஸிடம் அந்த டிரைவர் இருக்காது. டிரைவரை வெறுமனே நிறுவினால் போதாது. அந்த வன்பொருளை ஒருமுறை கண்ணால் பார்த்தால்தான் பூட் நேரத்திலேயே ஏற்ற வேண்டிய டிரைவராக விண்டோஸ் அந்த டிரைவரைக் குறித்துக்கொள்ளும். அதற்கு ஒரு பொய் டிஸ்க் வேண்டும்:

1. விஎம்மை அணைத்து, உண்மை டிஸ்க்கை டிட்டாச் செய்து சாட்டாவாக மாட்டுங்க. பூட் ஆர்டரில் அதையே முதலில் வைங்க.
2. கன்ட்ரோலர் விர்ட்ஐஓ ஸ்கஸியாக இருக்கட்டும். ஸ்கஸியில் 1 ஜிபி டிஸ்க் ஒன்று சேருங்க. சிடி டிரைவில் விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓ.
3. விண்டோஸ் எழுந்ததும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியுடன் நிற்கும் ஸ்கஸி கன்ட்ரோலருக்கு, ஐஎஸ்ஓவின் ‘விஐஓஸ்கஸி’ ஃபோல்டரிலிருந்து உங்கள் விண்டோஸ் பதிப்புக்கான டிரைவரைக் கொடுங்க.
4. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த 1 ஜிபி தெரிந்த பிறகு முறையாக ஷட்டவுன்.
5. இரண்டையும் டிட்டாச் செய்து, உண்மை டிஸ்க்கை ஸ்கஸி 0-வில் மாட்டி, பூட் ஆர்டரில் மறுபடி டிக் போடுங்க.

ஐந்தாவது படியில் கவனம். டிட்டாச் ஆன டிஸ்க்குகள் ‘அன்யூஸ்ட் டிஸ்க் 0’, ‘அன்யூஸ்ட் டிஸ்க் 1’ என்று ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். டிட்டாச் எதையும் அழிக்காது. அன்யூஸ்ட் வரிசையில் ‘ரிமூவ்’ அழுத்தினால் டேட்டாவே போய்விடும். பெயரை நம்பாமல் அளவைப் பார்த்து, 1 ஜிபியை மட்டும் நீக்குங்க.

ராக்கி, சென்ட்ஓஎஸ் போன்ற லினக்ஸிலும் இதே நோய்தான், வேறு முகம். அவற்றின் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சின்னத் தொகுப்பு) பழைய வன்பொருளுக்கு வேண்டிய டிரைவர் மட்டுமே இருப்பதால், ரூட் டிஸ்க்கைத் தேடித்தேடி அந்தத் தொகுப்பை உருவாக்கும் ‘டிராகட்’ டைம்அவுட் ஆகி எமர்ஜென்சி ஷெல்லில் விழும். ரீபூட் செய்து கிரப் மெனுவில் (கர்னலைத் தேர்வுசெய்யும் பூட் மெனு) கடைசியாக உள்ள ‘ரெஸ்க்யூ’வைத் தேர்ந்தெடுங்க, அதில் எல்லா டிரைவரும் இருப்பதால் எழுந்துவிடும். உள்ளே போனதும் டிராகட்டை ஃபோர்ஸ், ரீஜெனரேட்-ஆல் என்ற இரண்டு ஆப்ஷன்களோடு ஓட்டுங்க. இரண்டாவதை விட்டால் இப்போது ஓடும் கர்னலுக்கு மட்டும் புதுப்பிக்கும். அடுத்த பூட்டில் மறுபடி அதே இடத்தில் நிற்பீங்க. உபுண்டு, டெபியனில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே எஃப்எஸ்டேப் கோப்பில் (எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்ற பட்டியல்) ‘எஸ்டிஏ’ என்று பழைய டிஸ்க் பெயர் எழுதியிருக்கிறதா பாருங்க. இருந்தால் அதற்குப் பதில் யுயுஐடி (மாறாத அடையாள எண்) போட்டுவிடுங்க.

பூட் ஆகியும் நெட்வொர்க் வராமல் இருக்கலாம். லினக்ஸில், வீஎம்வேரில் ஈஎன்எஸ்192 என்றிருந்த நெட்வொர்க் கார்டின் பெயர் இங்கே ஈஎன்எஸ்18 ஆகியிருக்கும்; பழைய பெயரில் எழுதிய அமைப்பு இதற்கு ஒட்டாது. விண்டோஸோ புதுக் கார்டு என்று நினைத்து, கைப்பட எழுதிய ஐபியைப் பழைய கார்டோடு விட்டுவிடும். ரவுட்டரில் மேக் முகவரிக்கு (கார்டின் அடையாள எண்) ஐபி ஒதுக்கியிருந்தால் பழைய மேக்கை விஎம்மின் நெட்வொர்க் அமைப்பில் அப்படியே எழுதுங்க. பழைய விஎம்மை அணைத்த பிறகு மட்டும்.