ஐந்து நிபந்தனை மனப்பாடம் ஆன அப்புறம்: ஹதீஸைக் கையால் ஆராய்வது எப்படி?

ஒரு ஹதீஸை ஸஹீஹ், அதாவது ஆதாரபூர்வமான நபிமொழி, என்று ஏற்க ஐந்து நிபந்தனைகள்: அறிவிப்பாளர் தொடர் அறுபடக் கூடாது, அறிவிப்பாளர்கள் நேர்மையானவர்களாக இருக்க வேண்டும், நினைவாற்றல் உறுதியாக இருக்க வேண்டும், ஷாத், அதாவது தன்னைவிட நம்பகமானவர்களுக்கு மாறான அறிவிப்பு, கூடாது, இல்லத் எனும் மறைவான குறை கூடாது. ஹிஜ்ரி 643-இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் தொகுத்துத் தந்த இந்த ஐந்தையும் ஹதீஸ்கலை ஓதியவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். முதல் மூன்றுக்குக் கிதாபைப் புரட்டினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். கடைசி இரண்டுக்குத்தான் கைப்பழக்கம் வேண்டும்.

பலர் ஸனதை (அறிவிப்பாளர் தொடரை) எடுத்து, ஒவ்வொரு பெயராக இப்னு ஹஜரின் அறிவிப்பாளர் அகராதியான தக்ரீபில் தேடி, 'ஸிகா (நம்பகமானவர்), ஸிகா, ஸதூக் (உண்மையாளர்)' என்று குறித்து, அதோடு ஹஸன் (ஸஹீஹுக்கு அடுத்த தரம்) என்று முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆளை எடைபோட்டாயிற்று, அறிவிப்பை இன்னும் தொடவே இல்லை.

சரி, ஒரு பெரிய தாளை எடுங்கள். 'செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே' என்ற ஹதீஸை வைத்துப் பழகலாம். அப்துல் மஜீத் இப்னு அப்தில் அஸீஸ் என்பவர் இதை மாலிக், ஸைத் இப்னு அஸ்லம், அதா இப்னு யஸார், அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) என்ற தொடரில் அறிவிக்கிறார்; ஒவ்வொருவரும் தமக்கு அடுத்துள்ளவரிடமிருந்து கேட்டது என்று பொருள். அப்துல் மஜீதை ஹதீஸ் விமர்சகர் இப்னு மயீன் நம்பகமானவர் என்கிறார், மற்றவர்களோ மலைபோன்றவர்கள், மேலோட்டமாகப் பார்த்தால் குறையே தெரியாது. இப்போது மாலிக்கின் பெயரைத் தாளின் நடுவில் எழுதி, அவரிடமிருந்து இதைக் கேட்ட மற்ற மாணவர்களைக் கீழே வரிசையாக எழுதுங்கள். ஸஹீஹ் புகாரி நூலிலேயே அப்துல்லாஹ் இப்னு மஸ்லமா, யஹ்யா இப்னு கஸஆ இருவரும் இருக்கிறார்கள். இருவருமே மாலிக், யஹ்யா இப்னு ஸயீத், முஹம்மத் இப்னு இப்ராஹீம், அல்கமா, உமர் (ரலி) என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம் ஒரு படி மேலே போய் யஹ்யா இப்னு ஸயீதின் மாணவர்களையும் எழுதுங்கள்: ஸுஃப்யான் இப்னு உயைனா, ஹம்மாத் இப்னு ஸைத் என்று பலரும் அதே பாதையில் வந்து நிற்பார்கள். அப்துல் மஜீத் மட்டும் தனியே நிற்பது அப்போது கண்ணில் அடிக்கும். மாலிக், ஸைத், அதா என்பது அடிக்கடி வரும் தொடர், அப்துல் மஜீதின் நாக்கு பழகிய பாதையில் போய்விட்டது; மறைவான குறை என்பது இதுதான். எல்லா வழிகளையும் திரட்டாதவரை தவறு வெளிப்படாது என்று ஹதீஸ் விமர்சகர் அலீ இப்னுல் மதீனீ சொன்னது இதைத்தான்.

தாளில் பெயர் எழுதும்போது 'இவர் நம்பகமானவரா?' என்பதோடு நிறுத்தாதீர்கள். இந்த ஆசிரியரிடமிருந்து, இந்த ஊரில், இந்தக் காலத்தில் எப்படி அறிவித்தார் என்று கேளுங்கள். மஃமர் பெரிய இமாம், ஆனாலும் பஸ்ராவில் நினைவிலிருந்து சொன்னவற்றில் பிழைகள் உண்டு. அதா இப்னுஸ் ஸாயிப் கடைசிக் காலத்தில் குழம்பிப்போனார், அதனால் ஷுஃபா போல முன்பே கேட்டவர்களின் அறிவிப்புக்குத் தனி மதிப்பு.

முடிவை நீங்களே எழுதிய பிறகுதான் இப்படிப்பட்ட மறைவான குறைகளைத் தொகுத்த இப்னு அபீ ஹாத்திமின் இலல் நூலைத் திறக்க வேண்டும், முன்னால் கூடாது. அப்துல் மஜீதின் தொடரை இப்னு அபீ ஹாத்திமின் தந்தை அபூஹாத்திம் அடிப்படையே இல்லாதது என்று ஒதுக்கி, மாலிக் யஹ்யாவிடமிருந்து அறிவித்ததே சரி என்று சொல்லும் இடம் அதில் இருக்கிறது. உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.