பழைய காம்பாக்ட் கேமராவில் செட்டிநாட்டு வீட்டைப் படம் எடுப்பது எப்படி

பள்ளத்தூரில் ஆயா (பாட்டி) வீட்டு முகப்பில் நின்று உள்ளே பார்த்தால் நிலைக்குள் நிலையாக வாசல்கள் தெரியும். வளவு (தூண்கள் சூழ்ந்த முற்றப் பகுதி), இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி, கடைசி வாசலில் கிணற்றடி வெளிச்சம். செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவும் இப்படித்தான். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். இந்த ஒரு காட்சியைச் சரியாக எடுக்க எனக்கு மூன்று விடுமுறைகள் ஆயின. எங்கே தவறினேன் என்று இப்போது தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

கேமரா, அப்பச்சி வாங்கி அலமாரியில் வைத்திருந்த கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ். 2007-இல் வந்த மாடல், 7.1 மெகாபிக்சல். உங்கள் வீட்டில் வேறு மாடல் இருக்கலாம். பட்டன்கள் இடம் மாறும், வேலை மாறாது.

ஃபோன் இருக்க இது எதற்கு என்று கேட்பார்கள். ஃபோன் இருட்டையும் வெளிச்சத்தையும் கலந்து எல்லாவற்றையும் ஒரே சீராக்கிவிடுகிறது. நம் வீடுகளின் அழகே வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தேய்ந்து போவதில்தான் இருக்கிறது. இருட்டு இருட்டாகவே இருக்க வேண்டும் என்பவர்களுக்குப் பழைய கேமரா நல்ல துணை.

முதலில் பேட்டரி

இந்தக் கேமராவுக்கு இரண்டு பென்சில் பேட்டரி போதும். ரிமோட்டில் போடும் சன்னமானது இல்லை, சுவர்க் கடிகாரத்தில் போடுகிற ஏஏ. பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியைப் போடாதீர்கள். கடிகாரத்துக்கு அது ஒரு வருடம் உழைக்கும். கேமராவில் லென்ஸ் வெளியே நீளும்போதும் ஃப்ளாஷ் சார்ஜ் ஆகும்போதும் ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் வேண்டும். அந்த இழுப்பைத் தாங்காமல் வோல்ட்டேஜ் விழுந்துவிடும். பத்துப் படம் எடுப்பதற்குள் திரையில் பேட்டரியை மாற்றச் சொல்லி எச்சரிக்கை வரும்.

ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான் வேண்டும். மேலே 1.2 வோல்ட் என்று போட்டிருக்கும். 1.5 வோல்ட்டைவிடக் குறைவு என்று தயங்க வேண்டாம், இழுப்பு வரும்போது அதுதான் நின்று கொடுக்கும். நான் பானசோனிக் எனலூப் நான்கு வைத்திருக்கிறேன். இரண்டு கேமராவில், இரண்டு சட்டைப் பையில்.

மெமரி கார்டு

கார்டு வாங்கப் போனால் கடையில் 64 ஜிபியைத்தான் நீட்டுவார்கள். வாங்காதீர்கள். 32 ஜிபிக்கு மேற்பட்டவை எஸ்டிஎக்ஸ்சி வகை, அது 2009-இல் வந்த முறை, அதற்கு முந்தைய கேமராக்களை நம்பி வாங்கக் கூடாது. 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி வகை வந்தது 2006-இல். அதற்கும் முந்தைய கேமரா என்றால் பழைய 2 ஜிபி கார்டைத் தேட வேண்டும். என் கேமராவில் 8 ஜிபி எஸ்டிஎச்சி போட்டிருக்கிறேன், இரண்டாயிரம் படங்களுக்கு மேல் கொள்ளும். கார்டைப் போட்டதும் கேமராவுக்குள்ளேயே ஒருமுறை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

அமைப்புகள்

டயலை பி-யில் (P என்ற புரோகிராம் முறை) வையுங்கள், ஆட்டோ வேண்டாம். ஃப்ளாஷை அணையுங்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்த சுவர் கண்ணாடி மாதிரி. ஃப்ளாஷ் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்து படம் கெட்டுவிடும். ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை உணரும் திறனின் அளவு, 80 அல்லது 100. 400-க்கு மேல் போகவே வேண்டாம், தேக்குத் தூணின் நரம்பெல்லாம் குருணை குருணையாகிவிடும்.

குறைந்த ஐஎஸ்ஓ-வில் ஷட்டர் மெதுவாகும், கை ஆடும். முக்காலி தேவையில்லை. தலையணையையோ மடித்த துண்டையோ பட்டாலையில் (மேடைத் திண்ணையில்) வைத்து, அதன்மேல் கேமராவை வைத்து, 2 வினாடி டைமரைப் போட்டு விரலை எடுத்துவிடுங்கள். அரை வினாடி படம்கூட ஆடாமல் வரும்.

வாசல் படம்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், நிதானமாகச் சொல்கிறேன்.

முகப்பில் நின்று கேமராவை நீட்டினால் சட்டத்துக்குள் முக்கால்வாசி இருட்டுதான் இருக்கும். தூண், கதவு, நிழல். கேமரா அதையெல்லாம் கூட்டிக் கழித்து, இடமே இருட்டு என்று முடிவு செய்து, வெளிச்சத்தை அதிகமாக உள்ளே விடும். விளைவு, முற்றத்தில் வெயில் விழுகிற இடம் வெள்ளை வெளேரென்று ஒரு காகிதத் துண்டாகிவிடும். அதில் கம்பி இல்லை, தரை இல்லை, ஒன்றுமில்லை. இப்படி வெளுத்துப் போன இடத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருட்டான இடத்தில் விவரம் ஒளிந்திருக்கும். அதைக் கொஞ்சம் மேலே கொண்டுவரலாம். அதனால் எப்போதும் வெளிச்சத்துக்குத்தான் அளவு எடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேமராவைக் கொஞ்சம் திருப்பி, வளவில் முற்றத்தை ஒட்டி நிற்கும் தூணின் வெளிச்சம் பட்ட பக்கத்தைச் சட்டத்தின் நடுவில் கொண்டுவாருங்கள். வானத்தையோ நேர் வெயில் விழும் தரையையோ பார்க்க வேண்டாம், அப்போது படம் கரியாகிவிடும். தூண் நடுவில் வந்ததும் ஷட்டர் பட்டனைப் பாதி மட்டும் அழுத்துங்கள். 'பிப்' என்று சத்தம் வரும். விரலை எடுக்காமல், அந்தப் பாதி அழுத்தத்திலேயே, கேமராவை மீண்டும் வாசல் வரிசைக்குக் கொண்டுவந்து மீதியை அழுத்துங்கள்.

அந்தப் பாதி அழுத்தலில் வெளிச்ச அளவும் ஃபோகஸும் இரண்டுமே பூட்டிக்கொள்கின்றன என்பது முதல் இரண்டு விடுமுறையிலும் எனக்குத் தெரியாது. ஒரே மூச்சில் அழுத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆயா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அவசரப்படாம மெதுவா அமுக்கிப் பாரேன்" என்றார்கள். மெதுவாக அழுத்தியபோதுதான் பட்டன் நடுவில் ஒருமுறை நிற்பதை விரல் உணர்ந்தது.

தூணில் ஃபோகஸ் பூட்டினால் கடைசி வாசல் மங்கிவிடாதா என்று சந்தேகம் வரும். மங்காது. இந்தக் கேமராவின் சென்சார் நகம் அளவுதான், லென்ஸ் விரிந்த நிலையில் 5.8 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் ஒன்றரை மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம்வரை எல்லாமே துலக்கமாக வரும். ஜூம் மட்டும் செய்யாதீர்கள், செய்தால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

இன்னொரு கண்ணி, கேமராத் திரை. இருட்டான வளவில் நின்று பார்க்கும்போது திரை பளிச்சென்று தெரியும், படமும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் பார்த்தால் கும்மிருட்டு. அதனால் திரையின் பளிச்சை நம்பாமல், எடுத்த படத்தைப் பார்க்கும்போது டிஸ்ப்ளே பட்டனை அழுத்தி விவரத் திரைக்குப் போங்கள். வெளுத்துப்போன இடங்கள் அதில் விட்டு விட்டுக் கண் சிமிட்டும். முற்றத்தில் நாலு சொட்டுச் சிமிட்டினால் பரவாயில்லை, தரை முழுக்கச் சிமிட்டினால் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) மைனஸ் 2/3-க்குக் குறைத்து மறுபடி எடுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் ஏறக்குறைய வட அட்சம் 10 பாகையில் இருப்பதால், சித்திரை பிறந்த முதல் சில நாட்களிலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் பகல் பன்னிரண்டேகால் மணிக்கு முற்றத்தில் வெயில் சதுரமாக, நிழலே இல்லாமல் விழும். பார்க்க அதிசயமாக இருக்கும், ஆனால் எடுப்பதற்கு அதுதான் மிகக் கடினமான நேரம். மார்கழியில் அதே நேரம் சூரியன் தெற்கே முப்பத்துமூன்று பாகை சாய்ந்திருக்கும், வடக்கு வரிசைத் தூண்களில் வெளிச்சம் சரிந்து ஏறும். முதல்முறை எடுப்பவர்கள் மார்கழி, தை மாதங்களில் காலை பத்து மணிக்குத் தொடங்குங்கள்.

அத்தங்குடி தரை

தரையை எடுப்பது வேறு சிக்கல். அத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துத்தான் வார்க்கிறார்கள். அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு நிரப்பி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடியை ஒட்டிய முகம்தான் அந்த மினுமினுப்பு. அதனால் தரையை எடுத்தால் பாதிப் பூவேலை தெரியாமல், முற்றத்து வானம்தான் அதில் தெரியும்.

பழைய காம்பாக்டில் ஃபில்டர் மாட்ட மரை கிடையாது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் (பிரதிபலிப்பை மட்டுப்படுத்தும் வகை) இருந்தால் ஒரு பக்கக் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் ஒட்டிப் பிடித்து, மெதுவாகச் சுழற்றுங்கள். தரையை ஓரளவு சரிவாகப் பார்த்தபடி சுழற்றினால், ஒரு கோணத்தில் வானத்தின் வெளுப்பு விலகி, கீழே சிவப்பும் பச்சையும் எழும். எனக்கு முதல்முறை அது நடந்தபோது உண்மையிலேயே கத்திவிட்டேன். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது.

ஜன்னல் வளைவுகளில் வண்ணக் கண்ணாடி இருந்தால் வெள்ளைச் சுவரில் ஓர் இடம் நீலமாகவும் ஓர் இடம் சிவப்பாகவும் விழும். அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பை) 'பகல் வெளிச்சம்' என்று நிறுத்திவிடுங்கள், அந்த நிறம் அப்படியே வரட்டும்.

பிறர் வீடு என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். பல வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொது, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு)தான் திறப்பார்கள். வாட்ச்மேன் சரி என்றாலும் உரிமையாளர் ஒருவரிடம் கேட்பது முறை. பூஜை இடத்தை எடுக்க வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள்.

படத்தை வெளியே எடுப்பது

கேமராவோடு வந்த கேபிளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஃபோனில் செருகும் கார்டு ரீடர் ஒன்று போதும். திருத்த நான் ஸ்னாப்சீட் மட்டும்தான் பயன்படுத்துகிறேன். சாய்வைச் சரிசெய்து, நிழலைக் கொஞ்சம் தூக்கி, நிறுத்திவிடுவேன். வாட்ஸப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பிரிண்ட் போடுவதென்றால் மேட் தாளில் போடுங்கள். ஃபோன் திரையில் தெரிவதைவிடத் தாளில் படம் ஒரு பிடி இருண்டுதான் வரும், அதனால் கொஞ்சம் பிரகாசம் கூட்டிவிட்டு ஸ்டுடியோவுக்கு அனுப்புங்கள். காரைக்குடியில் போட்ட முதல் பிரிண்ட்டை ஆயாவிடம் கொடுத்தேன். படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், வாசல் வாசலாக விரலை நகர்த்தி, கடைசியில் "கெணத்தடித் துணிக்கல்லுகூடத் தெரியுதே" என்றார்கள்.

பின்னர் சேர்த்தது

தேவகோட்டையிலிருந்து ஒருவர் 'கார்டு லாக்டு' என்று வருகிறது, படம் எடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். கார்டின் பக்கவாட்டில் சின்னத் தள்ளுபட்டை ஒன்று இருக்கும், அது கீழே இறங்கியிருந்தால் மேலே ஏற்றுங்கள். அவருடையது உடைந்தே விழுந்துவிட்டது. பட்டை இருந்த பள்ளத்தின் மேல் மெல்லிய செலோடேப்பை ஒரு சுற்று ஒட்டச் சொன்னேன், வேலை செய்தது. டேப் தங்க முனைகளைத் தொடக் கூடாது, தடிமனாகவும் இருக்கக் கூடாது, உள்ளே சிக்கிக்கொள்ளும்.

இன்னொருவர், படங்களை ஃபோனுக்கு மாற்றிய பிறகும் கேலரியில் காணவில்லை என்றார். படங்கள் இருந்தன, ஆனால் கேலரியின் அடியில், பல வருடங்களுக்கு முந்தைய தேதியில். கேமராவின் தேதியைக் காப்பது உள்ளே இருக்கும் தனிக் காசு பேட்டரி. அது தீர்ந்துவிட்டால் பென்சில் பேட்டரியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் தேதி அழிந்துவிடும். என் கேமராவில் அது சிஆர் 1220. வாட்ச் கடையில் கிடைக்கும்.