தீவனச் சோளத்தில் படைப்புழு: முட்டையைக் கண்டுபிடித்து வளர்த்துப் பார்ப்பது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடி, திருப்புல்லாணி பக்கம் ஐப்பசி மழைக்கு விதைத்த தீவனச் சோளம் முளைத்து ஒரு வாரம் ஆனதுமே பார்க்கத் தொடங்குங்கள். படைப்புழு என்பது குருத்தைத் தின்னும் ஓர் அந்துப்பூச்சியின் புழு. அதன் முட்டை 2, 3 நாளில் பொரிந்துவிடும். வாரம் ஒருமுறை போனால் முட்டை சிக்காது, கடிபட்ட குருத்துதான் மிஞ்சும். ஒருநாள் விட்டு ஒருநாள் போக வேண்டும்.

1. வயலில் ஐந்து இடம், இடத்துக்குப் பத்துச் செடி. குருத்தை ஒட்டிய இலைகளை அடியும் மேலும் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியதுபோல் இருப்பதுதான் முட்டைக் குவியல். தாய் அந்துப்பூச்சி தன் உடல் செதிலை உதிர்த்து மூடியிருக்கும். விரலால் மெல்லத் தடவினால் பஞ்சு அகன்று, கசகசாவில் பாதி அளவு உருண்டைகள் தெரியும். ஒரு குவியலில் 100 முதல் 200 வரை இருக்கும். பஞ்சே இல்லாமல், மீன் செதில்போல் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் அது தண்டுத்துளைப்பான் முட்டை.

2. எந்தப் புழு என்று உறுதிசெய்ய ஒரு குவியலை மட்டும் இலையோடு வெட்டி, வெட்டிய முனையில் ஈரப்பஞ்சு சுற்றி, வாயகன்ற பாட்டிலில் வையுங்கள். மூடிக்குப் பதில் பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள். ஆணித் துளை போட்ட மூடி வேண்டாம். பொரித்த புழு ஒரு மில்லிமீட்டர்தான், நழுவிவிடும். உள்ளே நீர் முத்துக்கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், துடைத்துவிடுங்கள். மற்ற குவியல்களை அங்கேயே நசுக்கிவிடலாம்.

பொரியுமுன் முட்டை கறுக்கும். நாள் கடந்தும் கறுப்பாகவே இருந்து, புழுவுக்குப் பதில் பொடிக் குளவி வந்தால் அது நமக்கு நண்பன். வயலில் திறந்துவிடுங்கள்.

3. புழு அரை சென்டிமீட்டர் ஆனதும் தனித்தனி டப்பாவில் பிரியுங்கள், இல்லையென்றால் ஒன்றையொன்று தின்றுவிடும். தினமும் புது இலை போடுங்கள். வளர்ந்த புழுவின் தலையில் தலைகீழ் ‘ஒய்’ குறியும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் உணவை நிறுத்தும். அப்போது இரண்டு அங்குலம் ஈரமண் போடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு இருக்கும். கூட்டுப்புழுவிலிருந்து எட்டு, பத்து நாளில் அந்துப்பூச்சி வெளிவரும். அதைக் கொன்றுவிடுங்கள்.

வயலில் பொரித்த குவியல் கிடைத்தால் வாடைக்காற்று போகும் பக்கம், அதாவது தென்மேற்குச் செடிகளைத் தேடுங்கள். குஞ்சுப்புழு நூல் விட்டுக் காற்றில் மிதந்து போகும். இலை கண்ணாடித்தாள்போல் சுரண்டப்பட்டிருக்கும்.

புழு விழுந்துவிட்டதே என்று இளஞ்சோளத்தை அவசரமாக அறுத்து மாட்டுக்குப் போடாதீர்கள். பூக்காத பயிரில், அதிலும் மழை தவறி வாடியதில், சயனைடு நஞ்சு கூடுதல். மாடு செத்தே போகும்.