பழைய குடும்பப் படங்களைத் தொகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்தின் பழைய புகைப்படங்களைத் தேடியெடுத்து ஆல்பமாகத் தொகுப்பது, கைவேலையும் துப்பறியும் ஆர்வமும் ஒன்றுசேர்ந்த இனிய பொழுதுபோக்கு. ஆனால் பெட்டிக்குள் யாரும் தொடாமல் கிடந்த படங்களைவிட, அக்கறையோடு ஒட்டியும் துடைத்தும் வைக்கப்பட்ட படங்களே பல வீடுகளில் மோசமாகச் சிதைந்திருக்கின்றன. பிறகு மாற்ற முடியாத ஒன்றை மூலப்படத்தின் மேல் செய்துவிடுவதுதான் அடிப்படைத் தவறு. மற்றவற்றுள் பெரும்பாலானவை அதன் வெவ்வேறு வடிவங்களே.

1970களிலும் 1980களிலும் பரவலாக விற்பனையான, பசைக் கோடுகள் உள்ள அட்டையின் மேல் பிளாஸ்டிக் உறையை இழுத்து மூடும் ஆல்பங்கள் இதற்குச் சிறந்த சான்று. வசதியாகத் தோன்றிய அந்தப் பசை காலப்போக்கில் இறுகிப் பழுப்பேறிப் படத்தையும் கறையாக்குகிறது, உறை பி.வி.சி. வகையாக இருந்தால், அது சிதையும்போது வெளிவரும் அமிலமும் சேர்ந்து கெடுக்கிறது. இப்படி ஒட்டிக்கொண்ட படத்தை மூலையைப் பிடித்து உரிப்பவர்கள் பாதிப் படத்தை அட்டையிலேயே விட்டுவிடுகிறார்கள். முதலில் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்துகொண்டு, பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, படத்தை வளைக்காமல், ரம்பம்போல் மெல்ல முன்னும் பின்னும் இழுத்துப் பிரிக்கலாம். அதற்கும் அசையாத படத்தை விட்டுவிடுவதே நல்லது. நகல்தான் கையில் இருக்கிறதே.

புதிய ஆல்பத்தில் செலோடேப்பும் கோந்தும் வேண்டாம். அமிலமற்ற தாளில், படத்தின் நான்கு முனைகளைச் செருகிவைக்கும் முக்கோணத் தாள் மூலைகளைப் பயன்படுத்தினால் எப்போது வேண்டுமானாலும் படத்தை வெளியே எடுக்கலாம். லேமினேஷன் செய்தவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. கத்தரிக்கோலைப் பற்றியும் ஒரு வார்த்தை: அழகுக்காக ஓரத்தை வெட்டும்போது போவது வெற்று இடமன்று. பின்னணியில் தெரியும் நாட்காட்டியோ, வாகன எண்ணோ, பாதி மறைந்த கடைப்பலகையோதான் படத்தின் காலத்தைச் சொல்லும் ஒரே தடயமாக இருக்கக்கூடும்.

பெயர் எழுதுவதில் நேரும் தவறுகள் தனி வகை. எழுதாமல் விடுவது ஒன்று. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதி முன்பக்கத்தில் தடம் விழச் செய்வது இன்னொன்று. பழைய தாள் படங்களின் பின்புறம், ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். 1970களிலிருந்து பரவிய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் சரியாகப் பதியாது என்பதால், ஆல்பத் தாளில் படத்துக்குக் கீழே எழுதிவிடுவது பாதுகாப்பானது. எதை எழுதுகிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘தாத்தா’, ‘சின்ன மாமா’, ‘அத்தை மகள்’ என்றெல்லாம் எழுதினால், எழுதியவரின் தலைமுறையோடு அந்தக் குறிப்பின் பொருளும் போய்விடும், ஏனெனில் ஒருவருக்குத் தாத்தா ஆனவர் இன்னொருவருக்குப் பெரியப்பா. முழுப்பெயர், இன்னாரின் மகன் அல்லது மகள் என்ற விவரம், இடம், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் ‘சுமார்’ என்று சேர்ப்பதில் குறையொன்றுமில்லை. ஊகத்தை உண்மைபோல் எழுதிவைப்பது, எழுதாமல் விடுவதைவிடக் கெடுதலானது.

அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடிய முதியவர்களிடம் கேட்கும் முறையும் முக்கியம். பரீட்சை நடத்துவதுபோல் “இது யார், எந்த வருடம்?” என்று அடுக்கினால் இரண்டொரு சொல்லில் பதில் முடிந்துவிடும். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அனுமதி பெற்று ஒலிப்பதிவைத் தொடங்கி, அவர் போக்கில் பேசவிடுங்கள். நடுவே குறுக்கிட்டு ஆண்டுகளைத் திருத்த வேண்டாம். முரண்பாடுகளைப் பிறகு மற்றொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சேமிக்கும் இடத்தைப் பொறுத்தவரை, வெப்பமும் ஈரமும்தான் முதல் எதிரிகள். 1970களின் வண்ணப் படங்கள் பல செந்நிறமாக மாறியிருப்பதற்குக் காரணம், அவற்றிலிருந்த நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கக்கூடியது என்பதே. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. எனவே கூரையை ஒட்டிய பரணும் தரையோரமும் வேண்டாம். வீட்டின் நடுப்பகுதி அலமாரி போதும். சட்டமிடும்போது கண்ணாடியில் படம் நேரடியாகத் தொட்டால், ஈரத்தில் அதன் ஜெலட்டின் பரப்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இடையே அட்டை விளிம்பு வேண்டும். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும், கண்ணாடி துடைக்கும் திரவம் அருகே வரக் கூடாது.

ஸ்கேன் செய்யும்போது எல்லாவற்றுக்கும் ஒரே அளவைப் பயன்படுத்துவது தவறு. இரண்டு அங்குல அகலமுள்ள படத்தை 300 டி.பி.ஐ. (அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் குறுக்கே 600 புள்ளிகளே கிடைக்கும். அதை எட்டு அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 75 புள்ளிகள்தான் மிஞ்சும். சிறிய படங்களுக்கு 600 அல்லது 1200 தேவை. நெகட்டிவ் இருந்தால் அதைத் தூக்கியெறியாதீர்கள். அச்சிட்ட படத்தைவிட நுணுக்கம் அதில்தான் அதிகம், ஆனால் 24×36 மில்லிமீட்டர் சட்டகத்துக்கு 2400 டி.பி.ஐ. அல்லது அதற்கு மேல் வேண்டும். கறுப்புவெள்ளைப் படத்துக்குச் செயலி மூலம் வண்ணமேற்றுவதும் முகத்தைத் தெளிவாக்குவதும் விளையாட்டாக இருக்கட்டும். அந்தப் புடவையின் நிறமும் கண்ணின் வடிவமும் கணினியின் கற்பனையே என்பதால், அத்தகைய நகலுக்குத் தனிப்பெயர் இட்டு, திருத்தப்படாத ஸ்கேனை, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வகைக் கோப்பாக வேறாக வைக்க வேண்டும்.

உறவினர் குழுவில் வாட்ஸ்அப் வழியாக அனுப்பியதைச் சேமிப்பு என்று எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தை அது சுருக்கிவிடுகிறது. ஆவணமாக அனுப்பினால் முழு அளவில் போய்ச் சேரும். மூன்று நகல்கள், அவை இரண்டு வகைச் சேமிப்புகளில், அவற்றுள் ஒன்று வேறு வீட்டில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. ஸ்கேன் செய்த நாளையே கணினி படத்தின் தேதியாகக் காட்டும் என்பதால், கோப்பின் பெயரை ஆண்டில் தொடங்கி முழுப்பெயரில் முடியுமாறு அமைத்துக்கொண்டால், மூன்றில் எது யார் கைக்குப் போனாலும் வரிசை குலையாது.