அழுக்கணவனை உருவத்தால் இனங்காணுதல்

கொழும்பில் தொடர்மாடிப் பல்கனிகளில் நான்கைந்து சாடிகள் வைத்து மிளகாயும் கறிவேப்பிலையும் வளர்ப்பவர்களிற் பலர், குருத்திலை சுருண்டிருப்பதைக் கண்டவுடன் எந்தப் பூச்சி என்று பாராமலே மருந்து தெளித்துவிடுகின்றனர். மிளகாயிலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் அது பனிப்பூச்சியின் வேலை. கீழ்நோக்கி மடிந்தால் சிற்றுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். இலை பிசுபிசுத்து, தண்டில் எறும்புகள் ஏறியிறங்கினால், செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அழுக்கணவனைத் (அசுவினி) தேடலாம். ஆயினும் இலையைப் பிசுபிசுக்கச் செய்து எறும்பை ஈர்க்கும் இனிப்பு நீரை, அழுக்கணவனைப் போலவே மாவுப்பூச்சியும் வெண் ஈயும் கழிப்பதால், பூச்சியின் உடலைப் பார்க்காமல் முடிவுக்கு வருதல் சரியன்று.

குருத்துக்கு அடுத்த இலையொன்றைக் கிள்ளி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி வெள்ளைத் தாளில் வைத்து, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் நோக்குங்கள். பெரும்பாலும் 1 முதல் 4 மில்லிமீற்றர் நீளமுடைய, பேரிக்காய் போன்று பின்புறம் பருத்த, தொட்டால் நசுங்கும் மென்மையான உடலே அழுக்கணவன். உறுதியான அடையாளம் அதன் பின்பகுதியில் உள்ளது: முதுகின் இருபுறமும் பின்னோக்கி நீட்டிய இரண்டு சிறு குழாய்கள், அவற்றுக்கிடையே ஒரு குட்டி வால். இக்குழாய்கள் சில இனங்களில் வெறும் மேடுகளாகக் குறுகியிருந்தாலும், நம் வீட்டுச் செடிகளில் வழக்கமாகக் காணப்படுபவற்றில் தெளிவாகவே தெரியும்; மாவுப்பூச்சி, வெண் ஈ, பனிப்பூச்சி ஆகியவற்றுக்கு இவை இல்லை.

நிறத்தை மட்டும் நம்பலாகாது. வெண்டியிலும் மிளகாயிலும் வரும் பருத்தி அழுக்கணவன், ஒரே கூட்டத்துக்குள்ளேயே வெளிர்மஞ்சளாகவும் கரும்பச்சையாகவும் இருக்கும். ஆனால் உடல் எந்நிறமாயினும் குழாய்கள் கறுத்தே இருக்கும். பயற்றையின் பிஞ்சை மொய்க்கும் அழுக்கணவனின் முதிர்ந்த பூச்சி மெருகிட்டதுபோல் கறுத்து மினுங்க, குஞ்சுகள் சாம்பல் பூத்து மங்கலாக இருக்கும். எருக்கலையிலும் அலரியிலும் காணப்படும் மஞ்சள் அழுக்கணவனின் கறுப்புக் குழாய்கள் வில்லையின்றியே தெரிவதால், பழகிக்கொள்ள அதைவிட நல்லதில்லை.

கூட்டத்தில் நெரிசல் மிகும்போது இறக்கையுள்ள அழுக்கணவன்கள் தோன்றும். கண்ணாடி போன்ற அவ்விறக்கைகள், ஓய்வில் உடலின்மேல் கூரைபோற் சாய்ந்திருக்கும். அவற்றைப் புதிய பூச்சியென எண்ண வேண்டாம்.

இலையில் தூவியதுபோற் கிடக்கும் வெண்துகள்களை வெண் ஈ என்று நானே ஒருமுறை நம்பி, இரண்டு வாரம் பூச்சியைப் பிடிக்கும் மஞ்சள் ஒட்டு அட்டைகளைத் தொங்கவிட்டுக் காத்திருந்தேன். ஊதிப் பார்த்திருந்தால் போதும்: கால்களின் உருவம்கூட மாறாத அந்த வெற்றுத் தோல்கள் பறந்துபோயிருக்கும், அவை குஞ்சுகள் வளரும்போது உரித்த சட்டைகள். உயிருள்ள வெண் ஈயோ, செடியை அசைத்தால் தானே எழுந்து பறக்கும்.

கூட்டத்தின் நடுவே உப்பிப் பழுப்பேறி அசையாதிருப்பவை, ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்ட அழுக்கணவன்கள். முதுகில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. துளையில்லாதவற்றுள் குளவி இன்னும் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.