ரஸ்ட் நிரலில் கான்ஃபிக், சீக்ரெட்: கோப்பு, சூழல் மாறி, கடவுச்சொல் மூன்றையும் குழப்பாமல் அடுக்குவது எப்படி?

ஒரே ரஸ்ட் நிரல் மடிக்கணினியில் ஓடும்போது ஒரு டேட்டாபேஸோடு பேசும், சர்வரில் ஓடும்போது வேறொன்றோடு பேசும். போர்ட் மாறலாம், ஹோஸ்ட் மாறலாம், கடவுச்சொல் மாறியே ஆக வேண்டும். இவற்றைக் கோடுக்கு வெளியே கொண்டுபோக ‘கான்ஃபிக்’ கிரேட்டும் (கிரேட் என்றால் ரஸ்ட் நூலகம்), கடவுச்சொல்லைப் பொத்திவைக்க ‘சீக்ரஸி’ கிரேட்டும் போதும். கார்கோ, ஸ்ட்ரக்ட், டிரைவ் எல்லாம் பழக்கம் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

கீழே பெயர்களையெல்லாம் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சூழல் மாறிகள் (நிரலுக்கு வெளியே, ஷெல்லில் வைக்கும் மதிப்புகள்) மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில். (ரஸ்ட் 1.53 முதல் கோடுக்குள் இருக்கும் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். சூழல் மாறிக்கு அது செல்லாது, ஷெல் ஏற்காது.)

படி 1: கிரேட்களைச் சேர்ப்பது

கார்கோ.டாமல் கோப்பில் கான்ஃபிக் 0.15, சீக்ரஸி 0.10, செர்டே 1 (தரவை ஸ்ட்ரக்டாக மாற்றும் கிரேட்) மூன்றையும் சேருங்கள். செர்டேவுக்கு ‘டிரைவ்’ ஃபீச்சர், சீக்ரஸிக்கு ‘செர்டே’ ஃபீச்சர். இந்த இரண்டாவதை விட்டுவிட்டால், உங்கள் ஸ்ட்ரக்டில் டீசீரியலைஸ் டிரெய்ட் பொருந்தவில்லை என்று கம்பைலர் நீளமாகத் திட்டும். ஃபீச்சரைப் பற்றி அதில் தெளிவாக ஒரு வார்த்தை இருக்காது.

கான்ஃபிக் கிரேட்டின் டிஃபால்ட் ஃபீச்சர்களை அணைத்துவிட்டு ‘டாமல்’ மட்டும் போடுவதே நல்லது. இல்லையென்றால் ஜேசன், யாமல், ரான், ‘இனி’ (ஐ.என்.ஐ.) என்று பயன்படுத்தாத வடிவங்களுக்கான பார்சர்களும் சேர்ந்து கம்பைல் ஆகும். யாமல் வேண்டாம் என்பது என் கட்சி: ஒரு இடைவெளி தள்ளிப்போனால் கீ வேறொரு பிரிவுக்குள் போய் உட்கார்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

பழைய விளக்கங்களில் ‘சீக்ரெட்<ஸ்ட்ரிங்>’ என்று இருக்கும். அது 0.8 காலத்து வகை. 0.10-இல் அதன் இடத்தில் சீக்ரெட்பாக்ஸ் வந்துவிட்டது; சரத்துக்கு ‘சீக்ரெட்ஸ்ட்ரிங்’ பயன்படுத்துங்கள்.

படி 2: கோப்பும் ஸ்ட்ரக்டும்

ப்ராஜெக்ட்டில் ‘கான்ஃபிக்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் டிஃபால்ட்.டாமல்:

[சர்வர்]
போர்ட் = 8080

[டேட்டாபேஸ்]
ஹோஸ்ட் = "லோக்கல்ஹோஸ்ட்"
யூசர்நேம் = "ஆப்"
மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் = 10

கடவுச்சொல் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாதிரிக்குக்கூட ஒன்று போடாதீர்கள். மாதிரிக் கடவுச்சொல் இருந்தால் உண்மையான சூழல் மாறி வராத அன்றும் நிரல் அமைதியாகக் கிளம்பிவிடும், பிறகு டேட்டாபேஸ் பக்கம் போய்த் தேடிக்கொண்டிருப்பீர்கள். கீயே இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே ‘ஃபீல்டு இல்லை’ என்று நின்றுவிடும்.

இதற்கு இணையாக மூன்று ஸ்ட்ரக்ட்: செட்டிங்ஸ், அதற்குள் சர்வர், டேட்டாபேஸ். போர்ட் யு16, மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் யு32, பாஸ்வேர்டு சீக்ரெட்ஸ்ட்ரிங். மூன்றிலும் செர்டேயின் ‘டினை_அன்நோன்_ஃபீல்ட்ஸ்’ (தெரியாத கீ வந்தால் பிழை) போடுங்கள். படி 3-இல் வரும் சூழலுக்கான கோப்பில் ‘ஹோஸ்ட்’டை எழுத்துப்பிழையோடு எழுதினால் அப்போதுதான் அது பிழையாக வெளியே வரும். ‘செர்டே டிஃபால்ட்’ இருக்கும் ஃபீல்டுகளுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் அங்கே எழுத்துப்பிழை நடந்தால் டிஃபால்ட் மதிப்பு சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும்.

படி 3: அடுக்குவது

கான்ஃபிக்::பில்டர்()
  .ஆட்_சோர்ஸ்(ஃபைல்::வித்_நேம்("கான்ஃபிக்/டிஃபால்ட்"))
  .ஆட்_சோர்ஸ்(ஃபைல்::வித்_நேம்("கான்ஃபிக்/ப்ரொடக்‌ஷன்"))
  .ஆட்_சோர்ஸ்(என்விரான்மென்ட்::வித்_ப்ரிஃபிக்ஸ்("ஆப்").செப்பரேட்டர்("__"))
  .பில்ட்()?
  .ட்ரை_டீசீரியலைஸ்::<செட்டிங்ஸ்>()

பின்னால் சேர்த்த சோர்ஸ் முன்னால் சேர்த்ததை மிஞ்சும். ஆகவே பொதுக் கோப்பு, சூழலுக்கான கோப்பு, கடைசியில் சூழல் மாறி. பில்டரில் நேரடியாக மதிப்பு கொடுக்கும் முறைகளில் செட்_டிஃபால்ட் எப்போதும் அடியில், செட்_ஓவர்ரைடு எப்போதும் மேலே. அவற்றை எந்த வரியில் எழுதினாலும் அப்படித்தான்.

இரண்டாவது கோப்பின் பெயரை ‘ஆப்_என்வ்’ சூழல் மாறியிலிருந்து எடுங்கள். பலர் இந்தக் கோப்புக்கு ‘ரெக்வயர்டு(ஃபால்ஸ்)’ (கோப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை) போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ‘ப்ரொடக்‌ஷன்’ என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போனாலும் சர்வர் டிஃபால்ட் அமைப்போடு ஓடும். மதிப்பை முதலில் ஒரு ‘ஈனம்’ வகைக்கு (அனுமதித்த பெயர்கள் மட்டும் கொண்டது) மாற்றுங்கள், தெரியாத பெயர் வந்தால் நிறுத்துங்கள், கோப்பைக் கட்டாயமாக்குங்கள்.

கோப்பின் பாதை நிரல் இருக்கும் இடத்தைப் பொறுத்ததல்ல. நிரலை எந்த ஃபோல்டரிலிருந்து இயக்குகிறோமோ அதைப் பொறுத்தது. வொர்க்ஸ்பேஸில் இது நன்றாகவே குழப்பும்: கார்கோ ரன் நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலேயே ஓடும், கார்கோ டெஸ்ட் அந்தந்த பேக்கேஜின் ஃபோல்டருக்குப் போய் ஓடும். ஒன்றில் கோப்பு கிடைத்து மற்றதில் கிடைக்கவில்லை என்றால் காரணம் இதுதான். சிஸ்டம்டி (லினக்ஸில் நிரல்களைப் பின்னணியில் ஓட்டுவது) சர்வீஸில் வொர்க்கிங்டைரக்டரி வரியைச் சேர்த்துவிடுங்கள்.

படி 4: இரட்டை அடிக்கோடு

முக்கால்வாசிப் பேர் மாட்டுவது இங்கேதான், நிதானமாகப் பார்ப்போம்.

சூழல் மாறியின் பெயரை கிரேட் முதலில் சிறிய எழுத்தாக்குகிறது. பிறகு முன்னொட்டை வெட்டுகிறது. மிச்சத்தில் செப்பரேட்டர் வரும் இடங்களில் புள்ளி வைக்கிறது. ஆப்__டேட்டாபேஸ்__பாஸ்வேர்டு என்பதிலிருந்து டேட்டாபேஸ்.பாஸ்வேர்டு என்ற கீ கிடைக்கிறது.

செப்பரேட்டராக ஒற்றை அடிக்கோடு வைத்தால் என்ன? மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் உடைந்துவிடும். டேட்டாபேஸ்.மேக்ஸ்.கனெக்‌ஷன்ஸ் என்று மூன்று தட்டாகிவிடும், அப்படி ஒரு ஃபீல்டு உங்களிடம் இல்லை. அதனால்தான் இரட்டை அடிக்கோடு.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. முன்னொட்டுக்கும் மிச்சத்துக்கும் நடுவே எத்தனை அடிக்கோடு? செப்பரேட்டர் எதுவும் கொடுக்காவிட்டால் ஒன்று. செப்பரேட்டரை இரட்டையாகக் கொடுத்தவுடன், தனியாகச் சொல்லாதவரை, முன்னொட்டுக்குப் பின்னும் இரட்டைதான். ஆக:

ஆப்__டேட்டாபேஸ்__பாஸ்வேர்டு: சரி.
ஆப்_டேட்டாபேஸ்__பாஸ்வேர்டு: கிரேட்டின் கண்ணிலேயே படாது.
ஆப்__டேட்டாபேஸ்_பாஸ்வேர்டு: படும், ஆனால் மேல்மட்டத்தில் டேட்டாபேஸ்_பாஸ்வேர்டு என்ற ஒரே கீயாக வரும்.

மூன்றாவது தவறை டினை_அன்நோன்_ஃபீல்ட்ஸ் பிடித்துவிடும். இரண்டாவதைப் பிடிக்க எதுவுமில்லை, ஏனென்றால் அந்த மாறி உள்ளேயே வருவதில்லை. ‘பாஸ்வேர்டு ஃபீல்டு இல்லை’ என்று எரர் வரும், டெர்மினலில் எக்கோ செய்து பார்த்தால் மாறி அங்கேதான் இருக்கும்.

‘ப்ரிஃபிக்ஸ்_செப்பரேட்டர்’ என்ற முறையில் ஒற்றை அடிக்கோட்டைக் கொடுத்து முதல் இடைவெளியை மட்டும் மாற்றலாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் செய்யாதீர்கள். அப்போது ஆப்_என்வ் மாறியும் உள்ளே வந்து ‘என்வ்’ என்ற கீயாகி, டினை_அன்நோன்_ஃபீல்ட்ஸ் அதைத் தூக்கிப்பிடித்து நிரலை நிறுத்திவிடும். எங்கும் இரட்டை என்று வைத்துக்கொண்டால் ஆப்_என்வ் தானாகவே வெளியில் நிற்கும்.

பெயர் சரியாக இருந்தும் வரவில்லையா? சூடோவோடு இயக்கினால் அது பொதுவாகச் சூழலைக் கழற்றிவிட்டுத்தான் நிரலைக் கிளப்பும். சிஸ்டம்டி உங்கள் பாஷ்ஆர்சியைப் படிப்பதே இல்லை. சோதிக்க என்வ் கட்டளையை அப்படியே ஓட்டாதீர்கள், மதிப்பெல்லாம் திரையில் கொட்டும். கட் கட்டளையில் சமக்குறிக்கு முன்னால் உள்ள பெயரை மட்டும் எடுங்கள்.

படி 5: ட்ரை_பார்சிங் தேவையா?

என்விரான்மென்ட் சோர்ஸில் ட்ரை_பார்சிங் போட்டால் சூழல் மாறியாக வரும் சரங்களை வகை பார்த்து மாற்றும். போர்ட் மாறி "9000" என்ற சரமாக வந்தாலும் யு16 ஃபீல்டில் நேராக விழும்போது கிரேட்டே எண்ணாக்கிவிடும். செர்டேயின் ஃப்ளாட்டன் அல்லது டேக் வைத்த ஈனம் நடுவில் வந்தால்தான் அது நடக்காது, ட்ரை_பார்சிங் தேவைப்படும்.

தேவையில்லாமல் அதைப் போடாதீர்கள். போட்டால் பூலியனாகவோ எண்ணாகவோ தெரியும் எல்லாமே மாற்றப்படும், உங்கள் கடவுச்சொல்லும் சேர்த்து. ‘004217’ என்ற ரகசிய ‘பின்’ எண் 4217 ஆகி, திரும்பச் சரமாகும்போது முன்னாலிருந்த பூஜ்யங்கள் போயிருக்கும். ‘1e5’ தசம எண்ணாகிவிடும்.

பட்டியல் வேண்டுமென்றால் ட்ரை_பார்சிங்கோடு லிஸ்ட்_செப்பரேட்டர் கொடுக்க வேண்டும். கூடவே வித்_லிஸ்ட்_பார்ஸ்_கீயில் எந்தக் கீ பட்டியல் என்றும் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் சரமாக வரும் எல்லா மதிப்பும் பட்டியலாகிவிடும். காற்புள்ளியே இல்லாத ஹோஸ்ட் பெயர்கூட ஓர் உறுப்புள்ள பட்டியலாகி, ‘சரம் எதிர்பார்த்தேன், வரிசை வந்தது’ என்று எரர் வரும்.

படி 6: கடவுச்சொல்லை எடுத்துப் பயன்படுத்துவது

சீக்ரெட்ஸ்ட்ரிங்குக்கு டிஸ்ப்ளே கிடையாது. டீபக்கில் அச்சிட்டால் மதிப்புக்குப் பதில் ‘ரெடாக்டட்’ என்று வரும். விடும்போது நினைவகத்தையும் அழித்துவிடும். உள்ளிருப்பது வேண்டுமென்றால் எக்ஸ்போஸ்_சீக்ரெட்() என்று கேட்க வேண்டும். அதற்கு எக்ஸ்போஸ்சீக்ரெட் டிரெய்ட்டை யூஸ் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படி ஒரு முறையே இல்லை என்று கம்பைலர் சொல்லும். இதன் பெரிய லாபம் ரகசியம் வெளியே வரும் இடங்களை கிரெப் செய்து (கோடில் தேடி) எண்ண முடிவது. சிறிய நிரலில் அது ஓரிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது: டேட்டாபேஸ் இணைப்பை உருவாக்கும் இடம்.

அந்த இடத்தில் ஃபார்மட் மேக்ரோவால் இணைப்பு யூஆர்எல் கட்டாதீர்கள். அந்தச் சரம் பாதுகாப்பில்லாத சாதாரணச் சரம், லாகில் போய்விடும். தவிர, கடவுச்சொல்லில் @ அல்லது / இருந்தால் யூஆர்எல் உடையும். டேட்டாபேஸோடு பேச எஸ்க்யூஎல்எக்ஸ் கிரேட்டைப் பயன்படுத்தினால், போஸ்ட்கிரஸுக்கு பிஜிகனெக்ட்ஆப்ஷன்ஸ் இருக்கிறது. ஹோஸ்ட், யூசர்நேம், பாஸ்வேர்டு தனித்தனியாகக் கொடுக்கலாம்.

சீக்ரஸி காப்பது உங்கள் ஸ்ட்ரக்டில் இருக்கும் பிரதியை மட்டும்தான். பில்ட்() திருப்பித்தரும் கான்ஃபிக் பொருளுக்குள் அதே கடவுச்சொல் வெறும் சரமாகத்தான் இருக்கிறது. அதை டீபக்கில் அச்சிட்டால் எல்லாம் தெரியும். எரர் செய்தியும் அப்படித்தான்: கடவுச்சொல்லைத் தவறிப்போய் போர்ட் மாறியில் ஒட்டிவிட்டால், ‘இந்தச் சரம் வந்தது, எண் எதிர்பார்த்தேன்’ என்று முழு மதிப்பையும் மேற்கோளில் காட்டும். தொடக்க எரரை வெளியிலிருக்கும் லாக் சேவைக்கு அனுப்புகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 7: சர்வரில் கோப்பிலிருந்து சீக்ரெட்

சூழல் மாறி வசதியானது, ஆனால் கசியும். லினக்ஸில் அதே பயனரின் வேறு நிரல்கள் /ப்ராக் ஃபோல்டர் வழியாகப் படிக்கலாம், நீங்கள் கிளப்பும் துணை நிரல்களுக்கு அப்படியே போகும், டாக்கர் இன்ஸ்பெக்ட் காட்டிக்கொடுக்கும். சர்வரில் கோப்பே மேல். டாக்கர் சீக்ரெட் /ரன்/சீக்ரெட்ஸ் ஃபோல்டரில் வரும். சிஸ்டம்டி 247 முதல் லோட்கிரெடென்ஷியல் இருக்கிறது, ஃபோல்டரின் பாதை கிரெடென்ஷியல்ஸ்_டைரக்டரி மாறியில் கிடைக்கும்.

கான்ஃபிக் கிரேட் இதைத் தானாகச் செய்யாது, நாலைந்து வரி எழுத வேண்டும். ‘டிபி_பாஸ்வேர்டு_ஃபைல்’ என்ற மாறியில் பாதை இருந்தால் ரீட்_டு_ஸ்ட்ரிங் மூலம் படித்து, செட்_ஓவர்ரைடில் "டேட்டாபேஸ்.பாஸ்வேர்டு" கீக்குக் கொடுங்கள். மாறியின் பெயர் ‘ஆப்__’ என்று தொடங்காமல் இருக்கட்டும், இல்லையென்றால் அதுவும் ஒரு கீயாகிவிடும்.

படித்த சரத்தின் கடைசியிலிருக்கும் புதுவரிக் குறியை வெட்ட மறக்காதீர்கள். எக்கோ கட்டளையால் கோப்பை எழுதினால் கடைசியில் ஒரு புதுவரி சேரும். எடிட்டர்கள் பலவும் சேர்க்கும். கடவுச்சொல் தவறு என்று டேட்டாபேஸ் மறுக்கும், ஆனால் கேட் செய்து பார்த்தால் சரியாகவே தெரியும். ட்ரிம்_எண்ட்_மேட்சஸில் புதுவரி, கேரேஜ் ரிட்டர்ன் இரண்டை மட்டும் கொடுங்கள். வெறும் ட்ரிம்() போட்டால் கடவுச்சொல்லின் ஓரத்தில் உண்மையாகவே இருக்கும் இடைவெளியும் போய்விடும். குபெர்னெட்டிஸ் சீக்ரெட்டை பேஸ்64 ஆக்கும்போதும் இதே கதை: எக்கோவுக்கு -என் (புதுவரி வேண்டாம்) கொடுக்க வேண்டும். பேஸ்64 வெறும் எழுத்து மாற்றம், பூட்டு அல்ல. அந்த யாமல் கோப்பை கிட்டில் ஏற்றக் கூடாது.

டெஸ்ட் எழுதும்போது

என்வ்::செட்_வார் வேண்டாம். கார்கோ டெஸ்ட் பல த்ரெட்டில் ஓடுகிறது, ஒரு டெஸ்ட் வைத்த மாறி இன்னொன்றில் தெரியும். ரஸ்ட் 2024 எடிஷனில் (ரஸ்ட் 1.85) அது அன்சேஃப் ஆகவும் ஆகிவிட்டது. என்விரான்மென்டில் ‘சோர்ஸ்’ என்ற முறை இருக்கிறது. அதற்கு ஒரு ஹேஷ்மேப் கொடுத்தால் உண்மையான சூழலுக்குப் பதில் அதைப் படிக்கும். படி 4-இல் சொன்ன மூன்று பெயர்களையும் அதில் போட்டு ஒரு டெஸ்ட் எழுதி வைத்தால், நாளைக்கு யாராவது செப்பரேட்டரில் கைவைத்தால் உடனே தெரியும்.

பின்னர் சேர்த்தது: டாட்என்வ் கோப்பு

மடிக்கணினியில் சூழல் மாறிகளை எழுதிவைக்க .என்வ் கோப்பு வேண்டும் என்பவர்கள் ‘டாட்என்வ்’ கிரேட்டை விட்டுவிட்டு ‘டாட்என்வி’ எடுங்கள். முன்னது பராமரிப்பில் இல்லை என்று ரஸ்ட்செக் (ரஸ்ட் கிரேட்களுக்கான பாதுகாப்பு அறிவிப்புத் தளம்) அறிவிப்பு வந்துவிட்டது. ஏற்கெனவே இருக்கும் சூழல் மாறியை டாட்என்வி மாற்றாது. பழைய டெர்மினலில் எக்ஸ்போர்ட் செய்து மறந்த மதிப்புதான் நிற்கும். கோப்பைத் திருத்தியும் பலன் இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள்.

கடவுச்சொல்லில் டாலர் குறி இருந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் அதை மாறியென்று நினைத்து நிரப்பப் பார்க்கும். மேற்கோள் இல்லாமல் நடுவில் இடைவெளி வந்தால் அந்த வரி பார்ஸ் ஆகாது, படிப்பது அதோடு நின்றுவிடும். எல்லாரும் எழுதும் ‘டாட்என்வ்().ஓகே()’ அந்த எரரை விழுங்கிவிடுவதால் அதற்குக் கீழே உள்ள மாறிகள் ஏன் வரவில்லை என்று தெரியாது. கோப்பு இல்லை என்ற எரரை மட்டும் மன்னித்து, மற்றதை அச்சிட்டு நிறுத்துங்கள்.

.என்வ் கோப்பை கிட்இக்னோரிலும் டாக்கர்இக்னோரிலும் சேருங்கள். ஏற்கெனவே கமிட் ஆகியிருந்தால் இக்னோரில் சேர்ப்பது மட்டும் வேலை செய்யாது, கிட் ஆர்எம் கட்டளையை ‘கேஷ்டு’ விருப்பத்தோடு ஓட்ட வேண்டும். புஷ்ஷும் ஆகிவிட்டதென்றால் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.