முதல் செமி ஆட்டோ ரைஃபிள்: கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால்

முதல் ரைஃபிள் வாங்கும்போது நான் செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்த்து வைத்திருந்த பணத்தில் முக்கால்வாசி துப்பாக்கிக்கும், மிச்சம் அதன் மேல் மாட்டிய பெரிய ஸ்கோப்புக்கும் போய்விட்டது. தோட்டா வாங்கக் காசில்லை. நண்பர் ஒருவர் போட்டிக்கு வாங்கி மீந்துபோன பெட்டியைக் கொடுத்தார், அதை வைத்துச் சுட ஆரம்பித்தேன். மூன்று தோட்டாவுக்கு ஒரு தடவை சிக்கிக்கொண்டது. துப்பாக்கியே பழுது என்று முடிவுகட்டி, ஒரு மாதம் கோபமாகத் திரிந்து, கடைசியில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால் அவர் தன் மேசையில் இருந்த வேறொரு பெட்டியைப் பிரித்து ஐம்பதையும் தடங்கலில்லாமல் சுட்டுக் காட்டினார். காசும் வாங்கவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

அந்தக் கதைக்கு நாலாவது படியில் திரும்ப வருகிறேன்.

படி 1: உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

செமி ஆட்டோ (ட்ரிகரை ஒருதடவை இழுத்தால் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) என்பது எல்லா ஊரிலும் கடையில் போய் வாங்குகிற பொருள் இல்லை. பிரிட்டனில் 1988க்குப் பிறகு .22 ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் குத்தினால் வெடிக்கும் சின்னத் தோட்டா) தவிர மற்ற செமி ஆட்டோ ரைஃபிள்களுக்குத் தடை. நியூசிலாந்தில் 2019இல் பெரும்பாலானவற்றைத் தடை செய்தபோது, பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாத .22 ரிம்ஃபயருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு .22 செமி ஆட்டோகூடச் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. பல இடங்களில் துப்பாக்கிக்குத் தனிக் கணக்கு, மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கொள்ளளவுக்குத் தனிக் கணக்கு. துப்பாக்கி சட்டப்படி சரியாக இருந்து, கூட வந்த மேகசினால் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உரிமத்தின் வாசகத்தை வரி வரியாகப் படியுங்கள். கடைக்காரர் சொல்வது சட்டம் ஆகாது.

படி 2: .22இல் தொடங்குங்கள்

இதில் நான் பிடிவாதக்காரன். பெரிய தோட்டா போடும் ரைஃபிளைப் பார்த்தால் கை பரபரக்கும், எனக்கும் பரபரத்தது. ஆனால் .223 மாதிரியான தோட்டா ஒன்றின் விலைக்கு .22 தோட்டா பல வாங்கலாம். சுடப் பழகுவது என்பதே ஆயிரக்கணக்கில் தோட்டா செலவழிப்பதுதான். .22இல் பின்னுதை கிட்டத்தட்ட இல்லை, அதனால் ட்ரிகரை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிற கெட்ட பழக்கம் வராது. ஒருதடவை வந்துவிட்டால் அதைப் போக்கப் படும் பாடு தனி.

இல்லை, ஏஆர் பாணிதான் (ராணுவ ரைஃபிள் சாயலில் வருவது) வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்: குழலின் மேல் .223 என்று மட்டும் பொறித்திருந்தால் அதில் 5.56 தோட்டாவைப் போடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், அழுத்தம் வேறு. மற்றபடி அந்தப் பக்கம் இப்போது போகப்போவதில்லை.

படி 3: எந்த மாடல்

ரூகர் 10/22 வந்தது 1964இல். அன்றிலிருந்து அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை என்பதால் உதிரிபாகம், மேகசின், கட்டை எல்லாம் எளிதாகக் கிடைக்கும். பத்துத் தோட்டாவைச் சுழலும் உருளையில் வைத்திருக்கும் அதன் மேகசின் என் பார்வையில் இந்த விலைத் தட்டில் வரும் மிகச் சிறந்த பாகம். குறையும் உண்டு. கடைசித் தோட்டா போன பிறகு போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் முன்னும் பின்னும் நகரும் உலோகத் துண்டு) திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். தீர்ந்துவிட்டதா இல்லையா என்று பார்வையிலேயே தெரியாது. ஆகவே மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, அப்புறம் சுண்டுவிரலால் தொட்டும் பார்க்கிற பழக்கம் முதல் நாளிலேயே வரவேண்டும்.

மார்லின் 60 அதைவிட மூத்தது, 1960. குழலுக்குக் கீழே ஒரு நீளக் குழாய், அதற்குள் தோட்டாக்களை வரிசையாக இறக்க வேண்டும். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது, பழசாக நிறையவே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் புதியவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஏற்றும்போது கை குழலின் வாய்ப்பக்கமே போகிறது, இறக்கும்போது குழாய்க்குள் ஒன்று தங்கிவிட்டதா என்ற சந்தேகம் ஒவ்வொரு தடவையும் வரும். கழற்றுகிற மேகசின் உள்ளதை வாங்குங்கள். சாவேஜ் 64, மோஸ்பெர்க் 702 இரண்டும் விலை குறைந்த வரிசையில் வருபவை, சுடும், ஆனால் மேகசின் கொஞ்சம் தகரத்தனமாக இருக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி 15-22 ஏஆர் வடிவத்தில் வரும் .22. பிளாஸ்டிக் உடம்பு, எடை குறைவு. ஆசைக்கும் பர்ஸுக்கும் நடுவில் ஒரு சமாதானம் அது.

கையில் எடுத்து அளவு பாருங்கள். காலி என்று உறுதி செய்துகொண்டு, முழங்கையை மடக்கி, அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரல் ட்ரிகரைச் சுலபமாகத் தொட வேண்டும். அடிக்கட்டை முனையிலிருந்து ட்ரிகர் வரை பொதுவாக 34 செ.மீ. சுற்றில் இருக்கும். குட்டையான ஆளுக்கு அது நீளம்தான், அடிக்கட்டையைக் குறைத்துக்கொள்ளக்கூடிய மாடலாகப் பார்க்க வேண்டும்.

பழையது வாங்குகிறீர்களா? நல்லது, .22 குழல் அவ்வளவு சீக்கிரம் தேயாது. குழலின் வாய் விளிம்பில் அடிபட்டிருக்கிறதா, திருகாணித் தலைகள் சிதைந்திருக்கின்றனவா (சிதைந்திருந்தால் யாரோ தெரியாமல் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள்) என்று பாருங்கள். முக்கியமாக டார்ச் அடித்து சேம்பரின் விளிம்பைப் பாருங்கள். தோட்டா இல்லாமல் வெறுமனே ட்ரிகரை அடித்து விளையாடியவர் கையில் இருந்தால், ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தும் ஊசி) இரும்பு விளிம்பிலேயே குத்திச் சின்னப் பள்ளம் விழுந்திருக்கலாம். அந்த மாதிரி சேம்பரில் தோட்டா உட்காருவதும் தகராறு, காலிக்கூடு வெளியே வருவதும் தகராறு. நீங்களும் கையேடு அனுமதித்தாலொழிய வெறுமனே அடிக்காதீர்கள்.

படி 4: பணத்தைப் பிரிப்பதும் தோட்டாவும் (நான் விழுந்த இடம்)

கையில் இருப்பதை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்கு ஐம்பதுக்கு மேல் போகாதீர்கள். தோட்டாவுக்கு இருபத்தைந்து. மிச்ச இருபத்தைந்தில்தான் ஸ்கோப், காது மூடி, கண்ணாடி, பூட்டு, துடைக்கும் சாமான், கூடுதல் மேகசின் ஒன்று. இந்தக் கணக்கைக் கேட்டதும் எல்லோரும் தோட்டா இருபத்தைந்தா என்கிறார்கள். ஆமாம்.

ஏன் என்றால், இந்த .22 செமி ஆட்டோக்களில் போல்ட்டைப் பூட்டிப் பிடிப்பதற்கு எதுவும் கிடையாது. போல்ட்டின் எடையும் பின்னாலுள்ள ஸ்பிரிங்கும்தான் அதை மூடி வைத்திருக்கின்றன. தோட்டா வெடித்ததும் வரும் அழுத்தம் காலிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது, கூடு போல்ட்டைத் தள்ளுகிறது, போல்ட் முழுசாகப் பின்னால் போய்த் திரும்பும் வழியில் அடுத்த தோட்டாவை வாரிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான் இயந்திரம். அந்தத் தள்ளு பலமாக இல்லையென்றால் போல்ட் பாதி வழியிலேயே திரும்பிவிடும். கூடு வெளியேறும் துளையில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நிற்கும். இல்லாவிட்டால் கூடு வெளியே போய்விடும், அடுத்த தோட்டா மட்டும் ஏறியிருக்காது.

வழக்கமான 40 கிரெய்ன் குண்டின் எடை சுமார் 2.6 கிராம். ஹை வெலாசிட்டி என்று போட்ட பெட்டியில் அது நொடிக்கு 375 மீட்டர் சுற்றில் போகும். போட்டித் தோட்டாக்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டாதபடி 325 அளவில் நிறுத்தப்பட்டிருக்கும். காரணம் துல்லியம். போல்ட்டைக் கையால் இழுக்கும் ரைஃபிளுக்கு அது அமிர்தம். என் செமி ஆட்டோவின் புதிய, விறைப்பான ஸ்பிரிங்குக்கு அந்தத் தள்ளு போதவில்லை. நண்பர் கொடுத்தது அதுதான். தப்பு அவருடையதும் இல்லை, துப்பாக்கியுடையதும் இல்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஐந்து விதமான பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று வாங்குங்கள். அவற்றில் குறைந்தது மூன்று ஹை வெலாசிட்டியாக இருக்கட்டும், ஒன்று சிசிஐ மினி மேக், அது எனக்குப் பெரும்பாலும் கைகொடுத்திருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை சிக்கின, எப்படிச் சிக்கின, குழுமம் (இலக்கில் குண்டுகள் விழுந்த கொத்து) எவ்வளவு அகலம் என்று நோட்டில் எழுதுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம், நமக்குப் பிடித்த பெட்டிக்கு அது ஓட்டுப் போடும். இரண்டு பெட்டிக்கு நடுவில் குழலை ஒருதடவை துடைத்துவிட்டு, புதிய பெட்டியின் முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எது சிக்காமல் ஓடுகிறதோ அதில் ஐந்நூறு வாங்கிப் போடுங்கள்.

சிக்கல் எல்லாமே தோட்டாவால் வருவதில்லை. மேகசின்களின் அடியில் பெயிண்ட் பேனாவால் 1, 2 என்று எண் போட்டு வையுங்கள். எல்லாச் சிக்கலும் 2ஆம் நம்பரிலேயே வருகிறதென்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான். அப்புறம் போல்ட்டின் முகத்தில் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியின் அடியில் மெழுகும் கரியும் சேர்ந்து களிம்பு மாதிரி இறுகிவிடும், அதைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். .22 அழுக்குப் பிடித்த தோட்டா, இதற்கு மாற்று இல்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. ட்ரிகர் அடித்தும் வெடிக்கவில்லையென்றால் குழலின் வாயை இலக்குப் பக்கமே வைத்து முப்பது நொடி காத்திருந்துவிட்டுத் திறங்கள், தாமதமாக வெடிப்பது உண்டு. வழக்கமான சத்தத்துக்குப் பதில் ‘புஸ்’ என்று சோர்வாகக் கேட்டால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம், அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.

படி 5: ஸ்கோப்

பெரிய ஸ்கோப் வாங்காதீர்கள். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்புகள் 100 கெஜத்துக்கோ அதற்கும் மேலோ சரிசெய்யப்பட்டு வரும். 25 மீட்டரில் கண்ணைக் கொஞ்சம் அசைத்தாலும் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நீந்தும். ரிம்ஃபயர் என்று போட்டு வருபவை 50 கெஜத்துக்குச் சரிசெய்தவை. நல்ல தயாரிப்பாளரின் மாறாத நாலு மடங்கு ஸ்கோப் ஒன்று, விலை குறைந்த பன்னிரண்டு மடங்கைவிட எவ்வளவோ மேல். அதற்கும் முன்னால், கூடவே வரும் இரும்புக் குறியில் முதல் ஐந்நூறைச் சுடுங்கள் என்பேன். துப்பாக்கியின் தண்டவாளம் 11 மி.மீ. வகையா, வீவர் வகையா என்று பார்த்து அதற்குப் பொருந்தும் வளையம் வாங்குங்கள்.

25 மீட்டரில் குறி சரிசெய்யும்போது ஒரு கணக்கு பலரையும் குழப்புகிறது. ஸ்கோப்பின் திருகில் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (கோண அளவு) என்று எழுதியிருக்கும். 100 மீட்டரில் அது சுமார் 7 மி.மீ., 25 மீட்டரில் 1.8 மி.மீ.தான். குண்டு 3 செ.மீ. கீழே விழுந்தால் 16, 17 கிளிக் திருப்ப வேண்டும். நான் நாலு கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று திட்டியவன்.

துடைப்பது

10/22இன் பின்பக்கம் மூடியிருப்பதால் கம்பியைப் பின்னாலிருந்து நுழைக்க முடியாது. வாய்ப்பக்கமாகக் கம்பியை விட்டு விளிம்பை உரசுவதைவிட, சேம்பரில் நுழைத்து வாய்வழியாக உருவும் கயிற்றுத் துடைப்பான் வாங்குங்கள். வேலை முடிந்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயம்.

பிற்சேர்க்கை 1: இடது கைக்காரர் ஒருவர் சுட்டிக்காட்டியது. இந்த மாடல்கள் கூட்டை வலப்பக்கம் வீசுகின்றன. இடது தோளில் வைத்துச் சுடுபவருக்கு அந்தத் துளை முகத்துக்கு நேராகவே வருகிறது, கரிப்பொடியும் மூக்கில் அடிக்கும். சுற்றிலும் மூடிய கண்ணாடி, கழுத்து மூடிய சட்டை. சட்டைக்குள் சூடான கூடு விழுந்தாலும் துப்பாக்கியைத் திருப்பாதீர்கள், முதலில் அதைக் கீழே வையுங்கள், பிறகு குதியுங்கள்.

பிற்சேர்க்கை 2: ஹை வெலாசிட்டி போட்டும் சிக்குகிறது என்று இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் தொழிற்சாலையில் தடவி வந்த கெட்டியான எண்ணெயைத் துடைக்காமலேயே சுட ஆரம்பித்திருந்தார். துடைத்ததும் சரியாகிவிட்டது. இன்னொருவருக்கு போல்ட் கைப்பிடியில் ஸ்கோப்பின் முன்வளையத் திருகாணி லேசாக உரசிக்கொண்டிருந்தது. வளையத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறார், இப்போது இருநூறு தாண்டி ஓடுகிறதாம்.